'தாணு' என்று ஒரு பேரு: சுசீந்திரத்தில் பிறந்து திருவனந்தபுரத்தில் வளர்ந்த பெயர் ஏன் அரிதாகிப் போனது?

'கபாலி', 'அசுரன்', 'துப்பாக்கி' பட டைட்டில் கார்டில் நீங்கள் இந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள்: கலைப்புலி எஸ். தாணு. சரி, அவரைத் தவிர 'தாணு' என்ற பெயரில் உங்களுக்கு வேறு யாரையாவது தெரியுமா? சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ இருப்பவர் என்றால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டியிருக்கும்.

இதே கேள்வியைத் திருவனந்தபுரத்தில் கேட்டால் பதில் வேறு. அங்கே அரசுத் தேர்வுக்குப் படிக்கும் எந்த மாணவரும் "பட்டம் தாணுபிள்ளை" என்று சட்டென்று சொல்வார். கேரளத்தின் இரண்டாவது முதலமைச்சர் அவர். வலியசாலை, கரமனை, கோட்டைப் பகுதிகளில் உள்ள பழைய தமிழ்க் குடும்பங்களில் கேட்டால், "எங்க தாத்தா பேரு" என்று யாராவது சொல்லக்கூடும். கவனியுங்கள், தாத்தா பெயர். இன்றைக்குப் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் 'தாணு' என்ற சிறுவனைக் காண்பது அரிது.

ஆயிரம் ஆண்டுக்கு மேல் எழுத்தில் இருந்துவந்த ஒரு பெயர் எங்கிருந்து வந்தது, யாரெல்லாம் அதைச் சுமந்தார்கள், ஏன் குறைந்தது, இன்று ஒரு குழந்தைக்கு அதை வைத்தால் என்னென்ன கவனிக்க வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

'தாணு'ன்னா என்ன அர்த்தம்?

மூலச்சொல் வடமொழியின் 'ஸ்தாணு'. அசையாமல் நிற்பது, நட்ட தூண், கிளையில்லா மரக்கட்டை என்பது நேர்ப்பொருள். தவத்தில் அசைவற்று இருக்கும் சிவனுக்கு அது ஒரு பெயராயிற்று.

தமிழில் ஒரு சொல் 'ஸ்த' என்ற கூட்டெழுத்தில் தொடங்குவதில்லை. அதனால்தான் ஸ்தலம் 'தலம்' ஆனது, ஸ்தானம் 'தானம்' ஆனது. அதே வழியில் ஸ்தாணு, 'தாணு' ஆகிவிட்டது.

மலையாளத்திலும் பேச்சில் இது 'தாணு'தான். ஆனால் அங்கே ஒரு சுவாரசியம் இருக்கிறது. 'தாழுக' என்ற மலையாள வினையின் இறந்தகால வடிவமும் 'தாணு'தான். அதாவது 'தாழ்ந்து', 'குனிந்து'. ஆக, அசையாமல் நிமிர்ந்து நிற்கும் தூணும், தாழ்ந்து குனிவதும் மலையாளக் காதில் ஒரே ஒலி. பெயரின் பொருள் தெரியாதவருக்கு இது குழப்பம் தரலாம். தெரிந்தவருக்கு அது 'ஸ்தாணு'தான்.

இந்தப் பேருக்கு எத்தனை வயசு?

'தாணு' ஏதோ தாத்தா காலத்துப் பெயர் என்று நினைத்தால், கணக்கை இன்னும் பின்னால் கொண்டுபோக வேண்டும்.

கேரள வரலாற்றின் மிக முக்கியமான ஆவணங்களில் ஒன்று தரிசாப்பள்ளிச் செப்பேடு. கொல்லத்தில் இருந்த ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் வழங்கிய கொடையைப் பதிவு செய்தது அது. கி.பி. 849-ஐச் சேர்ந்ததாக ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அன்று அந்த நாட்டுக்கு மேலரசராக இருந்த சேர மன்னரின் பெயர் செப்பேட்டின் தொடக்கத்திலேயே வருகிறது: 'கோத்தாணு இரவி'. கோ என்றால் அரசன். அரசன் தாணு இரவி. புத்தகங்களில் ஸ்தாணு ரவி குலசேகரர் என்று நீங்கள் படித்திருப்பது இவரைத்தான்.

கவனிக்க வேண்டிய விஷயம், அந்த வட்டெழுத்து ஆவணத்திலேயே பெயர் 'தாணு' என்ற வடிவத்துக்கு வந்துவிட்டது என்பது. அதாவது இந்தத் தமிழ் உச்சரிப்புக்கே 1,100 ஆண்டுகளுக்கு மேல் வயது.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் உள்ள தில்லைஸ்தானம் கோயில் கல்வெட்டிலும் இந்தச் சேரமான் தாணு இரவி வருகிறார். சோழ மன்னருடன் சேர்ந்து விக்கி அண்ணன் என்ற தலைவருக்குச் 'செம்பியன் தமிழவேள்' என்ற பட்டம் கொடுத்த செய்தி அது. அவருடைய அவையில் சங்கரநாராயணன் என்ற வானியலாளர் இருந்தார். அவர் 869-ல் எழுதிய உரைநூல் இன்றும் கிடைக்கிறது. இந்த வானியலாளரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இன்னொரு தாணுவிடம் வரும்போது உதவும்.

சுசீந்திரத்துக்கும் இந்தப் பேருக்கும் என்ன சம்பந்தம்?

அரசர் பெயராக இருந்தது மக்கள் பெயராக ஊருக்குள் வேரூன்றியதற்கு ஒரு கோயில் காரணம். நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் உள்ள சுசீந்திரம் தாணுமாலயன் கோயில்.

பெயரைப் பிரித்துப் பாருங்கள். தாணு, சிவன். மால், திருமால். அயன், பிரம்மன். மூன்று தெய்வங்களும் ஒரே பெயருக்குள், ஒரே மூலவராக. அத்திரி முனிவரின் மனைவி அனசூயையைச் சோதிக்க வந்த மும்மூர்த்திகளை அவர் குழந்தைகளாக மாற்றிய கதை இந்தத் தலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. 134 அடி உயரக் கோபுரமும், தட்டினால் இசைக்கும் தூண்களும், பெரிய அனுமன் சிலையும் சுற்றுலா வருபவர்கள் பார்க்கிற சுசீந்திரம். ஊர்க்காரர்களுக்கு அது பெயர் எடுத்துக்கொள்ளும் இடமும்கூட.

நம் ஊர்களில் குலதெய்வத்தின் அல்லது ஊர்த் தெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். 'நெல்லையப்பன்' என்றால் எந்த ஊர் என்று கேட்க வேண்டியதில்லை. 'குற்றாலநாதன்', 'அனந்தபத்மநாபன்' எல்லாம் அதே கதைதான். 'தாணு'வும் அப்படி விலாசம் எழுதிய பெயர். சுசீந்திரத்தைச் சுற்றியுள்ள நாஞ்சில் நாட்டில் அது தாணு, சிவதாணு, தாணுலிங்கம், தாணுமாலயன் என்று பல வடிவங்களில் புழங்கியது. ஒரே பெயர் பல பேருக்கு இருந்தால் ஆளை அடையாளம் காண அடைமொழி வேண்டுமே! அதனால்தான் இத்தனை வடிவம்.

அது எப்படி திருவனந்தபுரம் வந்தது?

சுசீந்திரத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையில் சுமார் 70 கிலோமீட்டர்தான். இன்று நடுவில் களியக்காவிளையில் மாநில எல்லை இருக்கிறது. ஆனால் 1956 வரை இரண்டும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தன. திருவிதாங்கூரின் தலைநகர் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியபோது, அரண்மனையோடு அதிகாரிகளும் கணக்கர்களும் வியாபாரிகளும் வடக்கே நகர்ந்தார்கள். சாலைக் கடைத்தெருவும் வலியசாலையும் தமிழ் கேட்கும் இடங்களாயின.

மனிதர்கள் மட்டுமல்ல, தெய்வங்களும் இந்த வழியில்தான் போகின்றன. ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்னால் சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் புறப்படுகிறாள். பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதியும் வேளிமலையிலிருந்து குமாரசாமியும் சேர்ந்துகொள்ள, மூவரும் எல்லை தாண்டித் திருவனந்தபுரம் சேர்கிறார்கள். தலைநகர் மாறியபோது தொடங்கிய வழக்கம், மாநிலம் பிரிந்த பிறகும் நிற்கவில்லை. இரண்டு மாநிலப் போலீஸும் மரியாதை அணிவகுப்பு தருகிறது.

'தாணு' என்ற பெயரும் அதே சாலையில் போனதுதான். ஒரே வித்தியாசம், சாமி திருவிழா முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடும். பெயர் அங்கேயே தங்கிவிட்டது.

யாரெல்லாம் இந்தப் பேரை வச்சிருந்தாங்க?

முதலில் பட்டம் தாணுபிள்ளை (1885-1970). 'பட்டம்' என்பது திருவனந்தபுரத்தின் ஒரு பகுதி. 1938-ல் உருவான திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரசின் தலைவராக இருந்தவர். 1948 மார்ச்சில் திருவிதாங்கூரின் முதல் மக்களாட்சிப் பிரதமரானார். 1954-55-ல் திருவிதாங்கூர்-கொச்சியின் முதல்வர், 1960 முதல் 1962 வரை கேரள முதல்வர், அதன்பின் பஞ்சாபிலும் ஆந்திராவிலும் ஆளுநர்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைத் தெரியாத தமிழ் வாசகர் இருக்க மாட்டார். சுசீந்திரத்துக்கு அருகே தேரூரில் 1876-ல் பிறந்தவர், திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் பணியாற்றியவர். அவருடைய அப்பா பெயர் சிவதாணுப் பிள்ளை.

பிரமோஸ் ஏவுகணைத் திட்டத்துக்குத் தலைமை வகித்த விஞ்ஞானியின் பெயரும் சிவதாணு பிள்ளைதான். நாகர்கோவிலில் பிறந்தவர். இஸ்ரோவில் எஸ்.எல்.வி.-3 திட்டத்தில் பணியாற்றியவர். பிரம்மபுத்ரா, மாஸ்க்வா என்ற இரண்டு நதிப் பெயர்களை ஒட்டி உருவானது 'பிரமோஸ்'. மூன்று தெய்வங்களை ஒட்டவைத்த ஊரிலிருந்து வந்தவருக்கு அது புதிதாக இருந்திருக்காது!

அடுத்தவர், உலகம் அறிந்த இயற்பியலாளர் தாணு பத்மநாபன். 1957-ல் திருவனந்தபுரத்தில் பிறந்து, அங்கே யூனிவர்சிட்டி காலேஜில் படித்து, மும்பை டி.ஐ.எஃப்.ஆர்., புனே ஐயூகா நிறுவனங்களில் பணியாற்றியவர். ஈர்ப்பு விசை குறித்த ஆய்வுகளுக்காக அறியப்பட்டவர். 2007-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2021 செப்டம்பரில் மறைந்தார். இவர் பெயரில் உள்ள 'தாணு' இவருடைய பெயர் அல்ல, அப்பாவின் பெயர். அப்பா தாணு, மகன் பத்மநாபன். ஒன்று சுசீந்திரத்துச் சாமி, மற்றொன்று திருவனந்தபுரத்துச் சாமி. ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறைப் பெயரில் இரண்டு ஊரும் வந்துவிட்டன.

தாணு இரவி என்ற மன்னரின் அவையில் 9-ம் நூற்றாண்டில் ஒரு வானியலாளர் இருந்தார் என்று பார்த்தோமே. ஏறத்தாழ 1,100 ஆண்டு கழித்து, அதே பெயரை முன்னொட்டாக வைத்துக்கொண்டு ஒருவர் பிரபஞ்சத்தைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்.

ஒரே பேரு, இரண்டு பக்கம்

இந்தப் பெயரின் கதையில் கசப்பான ஒரு பக்கமும் உண்டு.

1950-களில் தென் திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்று போராட்டம் நடந்தது. முன்னின்று நடத்தியது திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது, உயிர்கள் போயின. அப்போது ஆட்சியில் இருந்தவர் பட்டம் தாணுபிள்ளை. அவருடைய பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்குள்ளிருந்தே ராம் மனோகர் லோகியா, ஆட்சி பதவி விலக வேண்டும் என்று குரல் கொடுத்தார்.

போராடிய தரப்பின் தலைவர்களில் ஒருவர் பெயரைப் பாருங்கள்: பி. தாணுலிங்க நாடார். 1957-ல் நாகர்கோவில் தொகுதியிலிருந்து மக்களவைக்குப் போனவர். எல்லைக் கோட்டின் இந்தப் பக்கம் ஒரு தாணு, அந்தப் பக்கம் ஒரு தாணு. 1956 நவம்பர் 1 அன்று சுசீந்திரம் உள்ள அகஸ்தீஸ்வரம் தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சாமி தமிழ்நாட்டில், பெயர் இரண்டு மாநிலத்திலும் என்றானது.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். மக்களவை உறுப்பினராக 25 வயது நிரம்பியிருக்க வேண்டும். அப்படியானால் தாணுலிங்க நாடார் பிறந்தது 1932-க்குப் பிந்தி இருக்க முடியாது. ஆனால் திருவிதாங்கூரில் நாடார்கள் உட்படப் பல சமூகத்தினருக்கு அரசின் கீழிருந்த கோயில்களின் கதவு திறந்தது 1936 நவம்பர் 12-ல்தான், சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் மூலம். அதற்கு முன் சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்கே சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது.

அதாவது, கோயிலுக்குள் போக முடியாத ஒரு வீட்டில் அந்தக் கோயில் சாமியின் பெயரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். கோபுர வாசலில் தடுக்க முடிந்தது, பெயரைத் தடுக்க முடியவில்லை. நாயர், வேளாளர், பிராமணர், நாடார் என்று யாருடைய பெயர்ப் பட்டியலை எடுத்தாலும் அதில் 'தாணு' இருப்பதன் பொருள் இதுதான்.

பிறகு ஏன் குறைஞ்சு போச்சு?

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் எந்தப் பெயர் எத்தனை குழந்தைகளுக்கு வைக்கப்பட்டது என்று ஆண்டுதோறும் அரசே பட்டியல் வெளியிடுகிறது. இந்தியாவில் அப்படி ஒரு வழக்கம் இல்லை. ஆனாலும் காரணங்களை நம் வீடுகளிலேயே பார்க்கலாம்.

முதல் காரணம், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் தளர்ந்தது. 'பேரன்' என்ற சொல்லே பெயரைச் சுமப்பவன் என்ற பொருளில் வந்ததாகச் சொல்வார்கள். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை பெயர் திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்தச் சங்கிலி அறுந்தால் ஊர்ப்பெயர்கள்தான் முதலில் போகும். ஒரு வீட்டில் ஏழெட்டுக் குழந்தைகள் இருந்தபோது ஒருவருக்காவது தாத்தா பெயர் கிடைத்தது. ஒன்றிரண்டு குழந்தை என்றானபோது அந்த இடமும் போனது.

இரண்டாவது, பெயரோடு ஒட்டியிருந்த சாதி வால் உதிர்ந்தது. அது நல்ல விஷயம்தான். ஆனால் 'தாணுபிள்ளை', 'தாணு ஐயர்' என்று கேட்டே பழகிய காதுக்கு, வெறும் 'தாணு' பாதியில் நின்றதுபோல் பட்டிருக்கலாம்.

மூன்றாவது, ஊரைவிட்டு வெளியே வேலைக்குப் போகும் காலத்தில் எல்லா ஊரிலும் செல்லுபடியாகும் பெயரைப் பெற்றோர் தேடுகிறார்கள். 'தாணு' எந்த ஊர் என்று காட்டிக்கொடுக்கும் பெயர். அதன் பெருமையும் அதுதான், சிக்கலும் அதுதான்.

இன்னைக்கு ஒரு குழந்தைக்கு வைக்கலாமா?

தாராளமாக. இரண்டே எழுத்து, கூப்பிட எளிது, வகுப்பில் இன்னொரு தாணு இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் சில விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

- எழுத்து: மூன்று சுழி 'ண', நெடில் 'தா'. 'தனு' என்று எழுதினால் அது வில், அல்லது ராசி. மலையாளத்தில் ஒரு மாதத்தின் பெயர். பொருளே மாறிவிடும்.

- ஆங்கில ஸ்பெல்லிங்: டி.எச்.ஏ.என்.யு. என்று எழுதினால் வட இந்தியர் 'தனு' என்று குறிலாகப் படிப்பார்கள், அது அங்கே பெண் பெயர். டி.எச்.-க்குப் பின் ஏ-வை இரண்டு முறை போட்டால் நெடில் தெளிவாகும். எதை எடுத்தாலும் எல்லா ஆவணத்திலும் அதையே வையுங்கள்.

- நீள வடிவம்: தாணு மட்டும் சின்னதாகத் தோன்றினால் சிவதாணு, தாணுமாலயன் என்று பதிவு செய்துவிட்டு வீட்டில் 'தாணு' என்று கூப்பிடலாம். பதிவில் எது இருக்கிறதோ அதுதான் பாஸ்போர்ட் வரை தொடரும்.

- பதிவு: பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பெயர் அப்போதே முடிவாகவில்லை என்றால் பதற வேண்டாம். பதிவான நாளிலிருந்து 12 மாதம் வரை கட்டணமில்லாமலும், அதன்பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். ஆனால் 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பல இடங்களில் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஆதாரம் என்பதால், தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது.

கடைசியாக ஒரு விஷயம்

ஒரு பெயர் மறைவதற்கு முன் கடைசியாகத் தங்கும் இடம் இனிஷியல். அப்பா பெயராக, தாத்தா பெயராக, ஓர் ஒற்றை ஆங்கில எழுத்தாக அது சான்றிதழில் ஒதுங்கி நிற்கும். தாணு பத்மநாபன் தன் அப்பா பெயரை முழுசாக எழுதியதால்தான் இயற்பியல் உலகத்துக்கு அந்தப் பெயர் தெரிந்தது. வெறும் 'டி. பத்மநாபன்' என்று மட்டும் நின்றிருந்தால் கொல்லத்துச் செப்பேடும் சுசீந்திரமும் அந்த ஒற்றை எழுத்துக்குள்ளேயே மறைந்திருக்கும்.

உங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து எந்த ஊர்ச் சாமியின் பெயர் என்று வீட்டில் பெரியவர்களிடம் கேட்டதுண்டா? அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.